ஒன்பதாவது போர்வை

ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு டாலர். எர்லிண்டா அன்றைக்குக் கன்று வியாபாரி டோன் எவரார்டோவுக்குத் தர வேண்டியிருந்த தொகை அதுதான். நாற்பது எலுமிச்சை ஒட்டுக்கன்று, ஒன்று நாற்பத்திரண்டு டாலர். ஆரஞ்சு தரம் பிரிக்கிற கொட்டகையில் கால் வீங்க நின்று ஏழு கன்றின் விலையை அவள் கட்டியிருந்தாள். மிச்சம் முப்பத்துமூன்று கன்றின் விலை, எவரார்டோவின் கட்டம் போட்ட நோட்டில் அவள் பெயருக்கு நேரே பென்சிலால் எழுதிக் கிடந்தது.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. எர்லிண்டாவின் மகள் யெசேனியாவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர். அன்றிலிருந்து அவர் இவளுக்குக் கொம்பாத்ரே, இவள் அவருக்குக் கொமாத்ரே. பத்தொன்பது வருடமாக ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடன் வேறு, உறவு வேறு என்று இருவருமே வைத்திருந்தார்கள்.

அன்று மூன்று மணிக்கு அவருடைய பழைய வண்டி சரளைக்கல்லை அரைத்துக்கொண்டு வந்து நின்றது.

"ராத்திரி பனி இறங்குது கொமாத்ரே. ரேடியோல கத்திக்கிட்டே இருக்கான்."

"கேட்டேன் கொம்பாத்ரே. தண்ணிக்குழாய்க்கெல்லாம் துணி சுத்தி முடிச்சேன்."

"குழாய் கிடக்கட்டும். கன்னைப் பாருங்க. நாளைக்கு இந்த ஆத்தங்கரை முழுக்க நாத்துப்பண்ணை ஒண்ணு பாக்கியில்லாம கருகிடும். உசுரோட நிக்கிற கன்னுக்கு வர்ற மவுசே வேற." நோட்டை எடுத்துத் தட்டினார். "சூரியன் வந்ததும் வர்றேன். பச்சையா நிக்கிறது ஒவ்வொண்ணையும் நாப்பத்திரண்டுக்கு நானே திருப்பி எடுத்துக்கிறேன். முப்பத்துமூணு பொழச்சிருந்தா உங்க பேர்மேல கோடு போட்டுடுறேன்."

"செத்துப்போனா?"

"செத்ததும் கணக்குலதான் இருக்கும். நான் என்ன சாமியாரா, மன்னிச்சு விட?"

யெசேனியா கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். குழந்தை நயெலி பிறந்து இருபத்துநாலு நாள். ஒரு மாதம் முந்திப் பிறந்தது. முகம் ஒரு முஷ்டி அளவுதான். எவரார்டோ தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஏண்டி, இது புள்ளையா, இலையில சுத்தி வேக வச்ச தமாலேயா? இந்தச் சுத்து சுத்தி வச்சிருக்க!"

"நீங்க மட்டும் என்ன ஞானப்பா, மூணு சட்டை போட்டுக்கிட்டு வெங்காயம் மாதிரி நிக்கிறீங்க?"

அவர் சிரித்து, இருமி, குழந்தையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

தெற்கு எல்லை ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் குளிர் என்பது சொந்தக்காரன் மாதிரி. வடக்கேயிருந்து எப்போதாவது வரும், ஒரு ராத்திரி தங்கும், மறுநாள் போய்விடும். அதனால் யாரும் குளிருக்காக வீடு கட்டுவதில்லை. எர்லிண்டாவின் புருஷன் சானோ கட்டிய வீடும் அப்படித்தான். காசு கிடைத்த வருடமெல்லாம் ஓர் அறை சேர்த்துக் கட்டிய பலகை வீடு. சுவருக்குள் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. சானோ இப்போது மேற்கே எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தான். வண்டியும் அவனோடு போயிருந்தது.

பனி என்றதும் அங்கே எல்லோரும் செய்கிற முதல் வேலை செடிக்குப் போர்வை போடுவது. அன்றைக்கு மாலையும் தெரு முழுக்க அதுதான் நடந்தது. பழைய படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, திரைச்சீலை, தாத்தா காலத்துக் கோட்டு, எதையாவது கொண்டுவந்து வாழைக்கும் பப்பாளிக்கும் ரோஜாவுக்கும் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பக்கத்து வீட்டு டென்ச்சா டவுனில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டே வேலிக்கு மேலே கத்தினாள்.

"எலுமிச்சைக்கு இவ்ளோ சீரா? உன் கல்யாணத்துக்குக்கூட இத்தன துணி எடுக்கலையே!"

"கடன்காரிக்குத் துணி எதுக்கு? மரம் உடுத்தட்டும்!"

எர்லிண்டா தொட்டிகளை ஐந்தைந்தாக நெருக்கி வைத்தாள். எட்டுக் கும்பல். வீட்டில் இருந்த எட்டுக் கனத்த போர்வையையும் கொண்டுவந்து ஒவ்வொரு கும்பலையும் மூடினாள். கல்யாணத்துக்கு வந்த புலிப்படம் போட்ட போர்வையை வாசலுக்கு மிக அருகில் இருந்த கும்பலுக்குப் போட்டாள். மனிதர்களுக்கு மின்சார ஹீட்டர் இருந்தது. ஒரு ராத்திரிதானே. குழந்தைக்கென்று ஒரு மெல்லிய துண்டை மட்டும் உள்ளே விட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தபோது காற்று நின்றுபோயிருந்தது. பகலெல்லாம் தகரக் கூரையைப் பிடித்து ஆட்டிய காற்று, யாரோ கையைப் பிடித்து நிறுத்தியதுபோல் நின்றிருந்தது. மூடிய கும்பல்கள் மங்கிய வெளிச்சத்தில் தோளோடு தோள் சேர்த்து நிற்கிற ஆட்கள் மாதிரி தெரிந்தன. எலுமிச்சை இலையின் வாசனை வரவில்லை. மண்ணின் வாசனையும் வரவில்லை. குளிர் எல்லா வாசனையையும் துடைத்து வைத்திருந்தது. கொட்டகைப் பழக்கத்தில் அவள் எண்ணினாள்.

ஒன்பது.

மறுபடி எண்ணினாள். ஒன்பதாவது கேட் பக்கத்தில் நின்றது. சாம்பல் நிறம். மற்றதெல்லாம் அகலமாகப் பரந்து நிற்க, இது மட்டும் ஒடுங்கி, ஆள் உயரத்துக்கு நின்றது. டென்ச்சா தன் ரோஜாத் தொட்டியை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருப்பாள், சொல்லாமல் செய்வது அவள் வழக்கம்தான் என்று எர்லிண்டா தனக்குச் சொல்லிக்கொண்டு திரையை இழுத்து மூடினாள்.

குழாய்கள் எல்லாவற்றையும் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்டாள். ஓடுகிற தண்ணீர் உறையாது. சமையலறைக் குழாய் வேகமாக டிக் டிக் டிக் என்றது. குளியலறைக் குழாய் நடுநடுவே யோசித்து யோசித்து டொக் என்றது. ஹீட்டரின் கம்பி சிவந்து எரிந்த தூசி வாசனையைக் கிளப்பியது. பீன்ஸ் வேகவைத்து, ரொட்டி சுட்டு, துணியில் சுற்றி வைத்து, தாயும் மகளும் கட்டிலில் உட்கார்ந்தே சாப்பிட்டார்கள்.

ஒன்பதரைக்கு மின்சாரம் போயிற்று.

முதலில் ஹீட்டரின் சிவப்பு ஆரஞ்சாகி, பழுப்பாகி, அணைந்தது. பிறகுதான் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் நின்றிருப்பது காதுக்குத் தெரிந்தது. தெருவிளக்கும் இல்லை. கால் மணி நேரம்தான் நிறுத்துவோம், ஊர் ஊராக மாற்றி மாற்றி நிறுத்துவோம் என்று சாயங்காலம் ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். கால் மணி போயிற்று. ஒரு மணி போயிற்று. சானோவுக்குப் போன் போட்டாள், போகவில்லை. அவசர உதவிக்குப் போட்டாள், நீண்ட நேரம் மணியடித்துவிட்டுத் துண்டித்துக்கொண்டது. அதோடு போனும் செத்தது.

குளிர் கதவு வழியாக வரவில்லை. தரைப் பலகையின் இடுக்கு வழியாகக் கணுக்காலைத் தடவி, முழங்காலைத் தடவி, கட்டில் உயரத்துக்கு ஏறி வந்தது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. சட்டைக்குள், வெறும் மார்போடு சேர்த்துக் குழந்தையை வைத்துக்கொண்டாள் யெசேனியா. அவள் உடம்பே நடுங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, இவ பால் குடிக்க மாட்டேங்கறா."

"உதட்டுல தடவிப் பாரு."

"தடவிட்டேன். சப்பவே மாட்டேங்கறா."

எர்லிண்டா குழந்தையின் பாதத்தைத் தொட்டாள். குழாய்த் தண்ணீரில் கழுவிய கத்தரிக்காய் மாதிரி இருந்தது. இத்தனை நேரம் சிணுங்கிக்கொண்டிருந்தது இப்போது சிணுங்கவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. பசித்த குழந்தை அழும், குளிர்ந்த குழந்தையும் அழும். அழுவதற்குக்கூடத் தெம்பில்லாத குழந்தைதான் சும்மா கிடக்கும்.

"கரி அடுப்பை உள்ள கொண்டாந்து பத்த வச்சிரலாம்மா."

"வேணாம். போன பனிக்குத் தெருக்கோடி வீட்டுல நாலு பேரும் அப்படித்தான் படுத்தாங்க. எழுந்திருச்சாங்களா?"

யெசேனியா ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "போர்வை எல்லாம் மரத்து மேல இருக்கும்மா."

எர்லிண்டா கணக்குப் போட்டாள். ஒரு போர்வை, ஐந்து கன்று. இருநூற்றுப் பத்து டாலர். இரண்டு போர்வை, நானூற்று இருபது. மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு மனசு கணக்குப் போட்டதை அவளே பார்த்தாள். அந்த வெட்கம்தான் அவளை எழுப்பிற்று. டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வெளியே அவள் அதுவரை கேட்டிராத ஓர் அமைதி. நாய் இல்லை. வண்டி இல்லை. நட்சத்திரங்கள் கைக்கெட்டுகிற உயரத்தில் உப்புக்கல் மாதிரி கிடந்தன. புல் காலடியில் பொரித்த ரொட்டியாக நொறுங்கியது. மூச்சை இழுத்தால் மூக்கின் உள்முடி விறைத்துக் குத்தியது. புலிப் போர்வையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க முடியவில்லை. கத்தியால் அறுத்தாள். போர்வை மடங்கவில்லை. மாலையில் ஈரக்காற்றில் நனைந்தது இப்போது உறைந்து, கன்றுகளின் வடிவத்தோடு ஒரு கூண்டு மாதிரி அப்படியே கையோடு வந்தது. வாசலில் அதைச் சாய்த்து, முழங்காலால் உடைத்துத்தான் உள்ளே நுழைக்க முடிந்தது. உடையும்போது பலகை முறிகிற சத்தம் கேட்டது.

உள்ளே கொண்டுபோய் மகள்மேல் போட்டதும் யெசேனியா கத்திவிட்டாள். "ஐயோ அம்மா, இது ஐஸ்ஸூ! எடு, எடு!"

"உடம்புச் சூட்டுல சரியாயிடும். பொறுத்துக்க."

சரியாகவில்லை. பனி உருகி ஈரமாயிற்று. ஈரம் இருந்த கொஞ்சச் சூட்டையும் உறிஞ்சிற்று. ஒருவேளை நடுக்கும்பலின் போர்வை காய்ந்திருக்கும் என்று இரண்டாம் தடவை போனாள். அதுவும் பலகைதான். மூன்றாவது. நான்காவது. நான்கையும் மேலே மேலே அடுக்கினாள். யெசேனியாவின் பல் அடித்துக்கொள்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. குழந்தையின் உதட்டைச் சுற்றி நீலம் படர்ந்திருந்தது.

இதற்கு நடுவில் இன்னொன்றும் இருந்தது. அதை அவள் மகளிடம் சொல்லவில்லை.

முதல் தடவை போனபோது சாம்பல் நிறத்தது கேட் பக்கத்தில் நின்றது. இரண்டாம் தடவை அது வரிசையின் கடைசியில், எட்டாவது கும்பலுக்கு அடுத்து நின்றது. டார்ச் வெளிச்சம் கண்ணை ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். மூன்றாம் தடவை அவள் அதன் பக்கம் வெளிச்சம் அடிக்கவில்லை. நான்காம் தடவையும் அடிக்கவில்லை. ஆனால் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, போர்வை உரித்த கன்றுகளுக்கு நடுவே, அவளுக்கு வலப்பக்கம், நாலு எட்டுத் தூரத்தில், ஒன்று மூடியபடியே நின்றதை ஓரக்கண் பார்த்துவிட்டது.

ஐந்தாம் தடவை போனாள். போகாமல் என்ன செய்வாள்?

அது புலிப் போர்வை இருந்த இடத்தில் நின்றது. வாசலுக்கு மிக அருகில். அதன் உச்சியிலிருந்து மெல்லிய ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அந்தத் தோட்டத்தில் வேறு எதிலிருந்தும் ஆவி எழவில்லை. அவள் வாயைத் தவிர.

எர்லிண்டா கையை நீட்டினாள். விரல் தானாக நீண்டது. தொட்டாள்.

சூடு. சுட்ட ரொட்டி மேல் போட்ட துணியின் சூடு. காய்ந்த, மெத்தென்ற, படுக்கையிலிருந்து இப்போதுதான் எடுத்த போர்வையின் சூடு. விறைத்த விரல் நுனியில் அந்தச் சூடு ஏறியதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இது டென்ச்சாவின் ரோஜா இல்லை. இது செடியே இல்லை. அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தே இழுத்தாள்.

வரவில்லை.

உள்ளேயிருந்து ஏதோ பிடித்திருந்தது. முரட்டுப் பிடி இல்லை. தூக்கத்தில் பிள்ளை போர்வையைப் பிடித்துக்கொள்கிற பிடி.

"புள்ளைக்கு," என்றாள் எர்லிண்டா. "பச்சப்புள்ளைக்கு. மன்னிச்சுக்கோ."

இரண்டு கையாலும் இழுத்தாள். டார்ச் விழுந்து அணைந்தது. போர்வை மொத்தமாகக் கையில் வந்தது. அவள் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திரும்பி ஓடினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றினால் மனிதர் பல்லிடுக்கில் இழுப்பார்களே, அந்த ஸ்ஸ்ஸ். அவ்வளவுதான்.

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மேசையை இழுத்து முட்டுக் கொடுத்தாள். குழந்தையை மகளின் சட்டையிலிருந்து எடுத்துச் சாம்பல் போர்வைக்குள் சுற்றித் தன் மார்போடு கட்டிக்கொண்டாள். பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். ஒரு விரல் அசைந்தது. பாதத்தில் சூடு வந்தது. பிறகு நயெலி முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து, எருமைக்கன்று மாதிரி அலறினாள். அந்த அலறலைக் கேட்டுத் தாயும் மகளும் இருட்டில் சிரித்தார்கள். யெசேனியா மார்பை நீட்ட, குழந்தை முட்டி முட்டிக் குடித்தது.

"யாரோடதும்மா இந்தப் போர்வை?"

"டென்ச்சாவோடது."

"சூடா இருக்கே. எப்படிம்மா சூடா இருக்கு?"

"பேசாம படு."

போர்வை ஆறவில்லை. அந்தச் சூடு குறையவே இல்லை. அது ஒருவர் சுற்றிக்கொள்கிற அளவு போர்வை. யெசேனியாவே குழந்தையைத் தாயிடம் திருப்பித் தந்துவிட்டு, ஈரப் போர்வைகளுக்குள் சுருண்டுகொண்டாள்.

சமையலறைக் குழாய் நின்றது.

எர்லிண்டா காதைத் தீட்டிக்கொண்டாள். குளியலறைக் குழாய் ஒரு டொக் சொட்டிற்று. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. அந்தச் சத்தமின்மைக்குள், வெளியேயிருந்து, அது கேட்டது.

பலகை முறிகிற சத்தம்.

அவள் விட்டுவிட்டு வந்த போர்வைகள் நான்கு. யாரோ ஒன்றை எடுக்கிறார்கள். ஓர் இடைவெளி. கீழே போடுகிறார்கள். இன்னொரு முறிவு. இடைவெளி. கீழே போடுகிறார்கள். மூன்று. நான்கு. எதுவும் சூடாக இல்லை போலும்.

பிறகு படியில் கால்.

பிறகு கதவில் தட்டல். மூன்று. மரியாதையான தட்டல்.

"கொமாத்ரே."

எவரார்டோவின் குரல். அதே கரகரப்பு. அதே இருமல்.

எர்லிண்டா குழந்தையை இறுக்கிக்கொண்டு முன்கதவு வரை போனாள். "இந்நேரத்துல என்ன கொம்பாத்ரே?"

"குளிருது கொமாத்ரே."

"வண்டி எங்க? வண்டிச் சத்தமே கேக்கலையே?"

"குளிருது."

"வீட்டுக்குப் போங்க. விடிஞ்சப்புறம் வாங்க."

"என் போர்வையைக் குடுத்துடுங்க." குரல் நடுங்கிற்று. "கணக்கை அடிச்சுடுறேன். முழுசா. அந்த ஒண்ணைக் குடுங்க."

குழந்தை அவள் மார்பில் சின்னதாக ஏப்பம் விட்டது. ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு. தாழ் அவள் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது.

"முடியாது," என்றாள். "கன்னு செத்தா சாகட்டும். வாரா வாரம் கட்டறேன். பத்துப் பத்தா கட்டறேன். இதைத் தர முடியாது."

உள்ளேயிருந்து யெசேனியா எழுந்து வந்தாள். புலிப் போர்வையைத் தோளில் போட்டிருந்தாள். "அம்மா, ஞானப்பாம்மா அது! திற!"

"அவரு இல்ல."

"அவரு குரல் எனக்குத் தெரியாதா? கிழவனை இந்தக் குளிர்ல நிக்க வச்சிருக்கியே, உனக்கு என்ன ஆச்சு?"

"யெசேனியா. அது அவரு இல்ல. போய்ப் படு."

"செத்துருவாரும்மா!"

"போய்ப் படுன்னேன்!"

அந்த ஆற்றங்கரையில் ஞானத்தகப்பனை வாசலில் நிற்கவைத்தவர்கள் கிடையாது. சண்டை போடலாம், கடனை ஏமாற்றலாம், பத்து வருடம் முகம் பார்க்காமல் இருக்கலாம். வந்து தட்டினால் கதவு திறக்கும். யெசேனியா அப்படி வளர்ந்தவள். எர்லிண்டாதான் அப்படி வளர்த்தாள். மகள் அழுதபடி அறைக்குப் போவதைக் கேட்டாள். கட்டில் கிறீச்சிட்டது. எர்லிண்டா மேசையைக் கொஞ்சம் நகர்த்தி, அதற்கும் கதவுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து முதுகைக் கதவில் கொடுத்துக்கொண்டாள்.

"குளிருது," என்றது வெளியே.

கொஞ்ச நேரம் கழித்து, "குளிருது."

நின்றுபோன குழாய் மறுபடி சொட்டுகிற மாதிரி, அதே இடைவெளியில். அவள் ஒரு கையால் குழந்தையின் காதைப் பொத்தினாள். தன் காதைப் பொத்த இன்னொரு கைதான் இருந்தது. கண்ணை மூடி, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னாள். பாதியில் மறந்தது. மறுபடி தொடங்கினாள். எத்தனை தடவை என்று தெரியாது.

ஒரு நேரத்தில் குரல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கதவின் இடுக்கு சாம்பல் நிறமாகத் தெரிந்தது. விடிகிறது.

முதுகுக்குப் பின்னால், மரப்பலகைக்கு அந்தப் பக்கம், ஏதோ கீறுகிற ஓசை. நகமா? இல்லை. பென்சில். காகிதத்தின் மேல் பென்சில்.

கதவின் அடியிலிருந்து ஒரு தாள் அவள் தொடைப் பக்கம் வந்து நின்றது. கட்டம் போட்ட தாள்.

"சரி கொமாத்ரே," என்றது குரல். "முடிஞ்சுது."

அதில் இப்போது நடுக்கம் இல்லை. நன்றாகக் கணகணப்பாக, தூங்கி எழுந்தவர் குரல் மாதிரி இருந்தது.

படியில் கால் இறங்கியது. புல் நொறுங்கியது. தூரமாயிற்று. இல்லாமல் போயிற்று.

எர்லிண்டா தாளை எடுத்துக் கதவிடுக்கின் வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் பெயர். அதற்கு நேரே 1386. அதன் மேல் அழுத்தமாக ஒரு கோடு. அதற்குக் கீழே ஒரு வரி. அதைப் படிக்க வெளிச்சம் போதவில்லை. குழந்தை வெதுவெதுப்பாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். ஆம், அப்படித்தான் நினைத்தாள்.

"யெசேனியா! ஏய், எழுந்திரு! போயிருச்சு! விடிஞ்சிருச்சு!"



தரையோடு தரையாக ஒரு குளிர் வந்து அவள் காலைத் தடவியது. முன்கதவிலிருந்து இல்லை. சமையலறைப் பக்கமிருந்து.

கட்டிலில் ஈரப் போர்வை மூன்று கிடந்தது.

மூன்றுதான்.

சமையலறையின் பின்கதவு திறந்து கிடந்தது. பின்படியில் வெள்ளையாகப் படிந்திருந்த பனியில் மகளின் வெறுங்கால் தடம். ஓடிய தடம். வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் பக்கம் போயிற்று. எர்லிண்டா குழந்தையை அணைத்தபடி அந்தத் தடத்தின் மேலேயே கால் வைத்துப் போனாள்.

நாற்பது கன்றும் கறுத்து, கண்ணாடியாகி, இலை தொங்கி நின்றன. முறிந்த போர்வைகள் அங்கங்கே கிடந்தன. கன்றுகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் மூடியபடி நின்றது. புலிப் போர்வை. தலையிலிருந்து கணுக்கால் வரை, யாரோ அக்கறையாகச் சுற்றி, கழுத்தளவில் கயிறு கட்டியிருந்தார்கள். புலியின் முகம் முழுக்கப் பனி பூத்திருந்தது. தடம் அங்கே போய் முடிந்திருந்தது. அங்கிருந்து வேறு எந்தத் தடமும் வெளியே போகவில்லை.

"யெசேனியா," என்றாள்.

போர்வைக்குக் கீழே இரண்டு பாதம் தெரிந்தது. நகத்தில் சிவப்புச் சாயம். வயிறு பெரிதாகிக் குனிய முடியாமல், நீயே பூசிவிடும்மா என்று போன மாதம் காலை நீட்டினாள். சுண்டுவிரலில் கோடு தாண்டிப் பூசி, இருவரும் அதற்காகச் சிரித்தார்கள். அந்தச் சுண்டுவிரல்.

போர்வையின் உச்சியிலிருந்து ஆவி எழவில்லை.

கிழக்கே பம்ப்ளிமாஸ் தோப்புக்கு மேலே சூரியன் வந்தது. மகள் போர்வைக்குள் நிமிர்ந்து, வீட்டைப் பார்த்தபடி நின்றாள். சாம்பல் போர்வைக்குள் குழந்தை கொட்டாவி விட்டது. எர்லிண்டாவின் கையிலிருந்த தாளில் வெளிச்சம் விழுந்தது. கோட்டுக்குக் கீழே எவரார்டோவின் கையெழுத்தில், பென்சிலால், அந்த ஒரு வரி.

பெற்றுக்கொண்டேன், ஒன்று. பாக்கி ஏதுமில்லை.